‘ஃபேக்டர்(ஏஎம்)1’ என்றால் யாருக்குப் புரியும்? மாடல் வரைபடங்களில் அச்சு லேபிளும் லெஜண்டும்

மாடலை ஓட்டி முடித்து வரைபடம் எடுத்தால், கிடை அச்சின் கீழே ‘டபிள்யூடி’ என்று நிற்கிறது. செங்குத்து அச்சில் ‘எம்பிஜி’. வலப்பக்கம் எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று சொல்லும் ஒரு சின்னப் பெட்டி (இதுதான் லெஜண்ட்), அதன் தலையில் ‘ஃபேக்டர்(ஏஎம்)’, கீழே 0, 1. வரைந்தவருக்கு எல்லாம் விளங்கும், டேட்டாவைத் திறந்து பார்த்தவர் அவர்தானே. அறிக்கையைக் கையில் வாங்குபவருக்கு 0 எது, 1 எது என்றே தெரியாது. கணக்கு சரியாக இருந்தும் அவரைப் பொறுத்தவரை படம் ஊமைதான்.

இந்தப் பெயர்களை மாற்றுவது பத்து நிமிட வேலை. ஆனால் மாற்றும்போது தவறு நடந்தால், மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராமல் பொய்யான படத்தை அழகாக வரைந்து கொடுத்துவிடும். அதனால் எப்படி மாற்றுவது என்பதோடு, எங்கே வழுக்கும் என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்கு, புள்ளியியல் வேலைக்கான ஆர் நிரல்மொழியோடு கூடவே வரும் ‘எம்டிகார்ஸ்’ டேட்டா. அமெரிக்காவின் மோட்டார் டிரெண்ட் இதழ் 1974-இல் வெளியிட்ட விவரங்களிலிருந்து எடுத்தது. 1973–74 மாடல் கார்கள் 32, மாறிகள் 11. அவற்றில் நமக்கு வேண்டியவை நான்கு. ‘எம்பிஜி’ என்பது ஒரு அமெரிக்க கேலனுக்கு எத்தனை மைல் ஓடும் என்ற கணக்கு, நம் பேச்சில் மைலேஜ். ‘டபிள்யூடி’ எடை, ஆயிரம் பவுண்டுக் கணக்கில். ‘சிஒய்எல்’ சிலிண்டர் எண்ணிக்கை. ‘ஏஎம்’ கியர் வகை: 0 என்றால் ஆட்டோமேட்டிக், 1 என்றால் மேனுவல். ஆட்டோமேட்டிக் 19 கார்கள், மேனுவல் 13.

இரண்டு சிறு குறிப்புகள். கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கணினியில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். இன்னொன்று, நம் புள்ளியியல் எழுத்தில் ‘மாதிரி’ என்ற ஒரே சொல் கூறெடுத்த தொகுதிக்கும் கணித அமைப்புக்கும் சேர்த்தே புழங்குகிறது. குழப்பம் வேண்டாம் என்று இங்கே ‘மாடல்’ என்றே சொல்கிறோம்.

லெஜண்டும் ஓர் அச்சுதான்

புதிதாக வருபவர்கள் ‘அச்சு லேபிளை மாற்றுவது எப்படி’ என்று தேடிவிட்டு, வேறு எதையோ மாற்றிக்கொண்டிருப்பார்கள். காரணம், லேபிள் என்ற ஒரே சொல் இரண்டு பொருட்களைக் குறிக்கிறது. அச்சுக்கு ஒரு தலைப்பு உண்டு: ‘எடை’ என்று எழுதுகிறோமே, அது. அச்சின் மேல் 2, 3, 4, 5 என்று வரிசையாக நிற்கும் குறிகள் வேறு. தலைப்பை மாற்றும் கட்டளை குறிகளைத் தொடாது, குறிகளை மாற்றுவது தலைப்பைத் தொடாது.

லெஜண்டையும் இதே கண்ணோடு பாருங்கள். அதற்கும் ஒரு தலைப்பு, ‘ஃபேக்டர்(ஏஎம்)’. அதற்கும் வரிசையாகக் குறிகள், 0 மற்றும் 1. கிடை அச்சு ‘இந்த இடம் என்றால் இந்த எடை’ என்கிறது. லெஜண்ட் ‘இந்த நிறம் என்றால் இந்தக் கியர்’ என்கிறது. அதாவது லெஜண்ட் என்பது நிறத்துக்கான அச்சு. ஆர் மொழியில் வரைபடம் வரைய உதவும் ஜிஜிபிளாட்2 தொகுப்பு இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. இரண்டையும் ‘ஸ்கேல்’ என்ற ஒரே அமைப்புதான் உருவாக்குகிறது.

இது பிடிபட்டுவிட்டால் எந்தக் கட்டளையைத் தேட வேண்டும் என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்தது. தலைப்புச் சொல்லை மாற்ற ‘லேப்ஸ்’. குறிகளின் பெயரையோ வரிசையையோ மாற்ற ‘ஸ்கேல்’ என்று தொடங்கும் கட்டளைகள். எழுத்தின் அளவு, பெட்டியின் இடம், சாய்வு போன்ற தோற்ற வேலைக்குத் ‘தீம்’. எழுத்து பெரிதாக வேண்டும் என்று ஸ்கேலுக்குள் துழாவினாலும், 0-வை ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்கத் தீமுக்குள் துழாவினாலும் எதுவும் கிடைக்காது.

முதல் திருத்தம் டேட்டாவில்

‘ஏஎம்’ மாறியை அப்படியே நிறத்துக்குக் கொடுத்து வரைந்து பாருங்கள். லெஜண்டில் கருநீலத்திலிருந்து வெளிர்நீலம் வரை ஒரு பட்டை வரும், பக்கத்தில் 0.00, 0.25, 0.50, 0.75, 1.00. கால் மேனுவல், முக்கால் ஆட்டோமேட்டிக் காரை எந்தக் கம்பெனியும் தயாரிக்கவில்லை. 0, 1 என்பதை எண் என்று மென்பொருள் எடுத்துக்கொண்டதால் வந்த வினை இது. இதோடு நிற்காது: எண் மாறி நிறத்தில் இருந்தால் டேட்டா இரண்டு குழுவாகப் பிரியாது. ஆகவே புள்ளிகளின் போக்கைக் கோடாக வரையும் ‘ஜியோம்_ஸ்மூத்’ கட்டளையும் ஒரே கோட்டைத்தான் தரும்.

இதை லெஜண்டில் சரிசெய்ய முயல வேண்டாம். மாடலை ஓட்டுவதற்கு முன்பே மாறியை வகை மாறியாக ஆக்கிவிடுங்கள்:

கியர் = ஃபேக்டர்(ஏஎம், லெவல்ஸ் = சி(0, 1), லேபிள்ஸ் = சி("ஆட்டோமேட்டிக்", "மேனுவல்"))

லெவல்ஸ் பகுதியைச் சோம்பல்பட்டு விடாதீர்கள். 0 முதலில், 1 அடுத்து என்று கண்ணால் பார்த்து எழுதும்போது, எந்தப் பெயர் எதற்குப் போகிறது என்பது ஒரே வரியில் அருகருகே நிற்கிறது. பெயர் இங்கேயே அமைந்துவிட்டால் லெஜண்ட், கெழு (ஒவ்வொரு மாறிக்கும் மாடல் தரும் எண்) அட்டவணை, கணிப்பு வரைபடம் எல்லாவற்றிலும் அதே பெயர் தானாக வரும். ஐந்து வரைபடத்தில் ஐந்து முறை திருத்தும் வேலையும் இல்லை, ஐந்தில் ஒன்றில் மட்டும் மாற்றிப் போட்டுவிடும் ஆபத்தும் இல்லை.

பிறகு தலைப்புகள். லேப்ஸ்(எக்ஸ் = "எடை, ஆயிரம் பவுண்டு", ஒய் = "மைலேஜ், மைல்/கேலன்", கலர் = "கியர் வகை"). அளவுகோல் அலகு தலைப்பிலேயே இருக்கட்டும். ‘எடை’ என்று மட்டும் எழுதி, குறிகள் 2, 3, 4 என்று நின்றால், படிப்பவர் டன் என்று நினைப்பார். பெரிய கார் நாலு டன் இருக்கும்போல என்று நினைத்தாலும் ஆச்சரியமில்லை.

திடீரென்று இரண்டு லெஜண்ட்

தலைப்பை மாற்றியதும் சிலருக்கு ஒரு லெஜண்ட் இரண்டாகப் பிளந்துவிடும். மேலே ‘கியர் வகை’, கீழே பழைய பெயரோடு இன்னொன்று. மாடல் வரைபடத்தில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் கோட்டுக்கு ஒரு நிறம், அதைச் சுற்றியுள்ள நம்பிக்கை இடைவெளிப் பட்டைக்கு (கணிப்பு எவ்வளவு முன்பின் போகலாம் என்று காட்டுவது) ஒரு நிறம் என்று இரண்டு ஸ்கேல்கள் வேலை செய்கின்றன. கோட்டுக்குக் ‘கலர்’, பட்டைக்கு ‘ஃபில்’. தலைப்பும் குறிகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் ஜிஜிபிளாட்2 இரண்டையும் ஒரே பெட்டியில் சேர்க்கும். கலரை மட்டும் மாற்றினால் பொருத்தம் போய்விடும், பெட்டிகள் பிரிந்துவிடும். ‘லேப்ஸ்’ கட்டளையில் கலருக்கும் ஃபில்லுக்கும் ஒரே சொல்லைக் கொடுங்கள். புள்ளியின் வடிவமும் கோட்டின் வகையும் கியரைக் காட்டினால் ‘ஷேப்’, ‘லைன்டைப்’ இரண்டுக்கும் அதே சொல். ஒரு காலி இடம் கூடுதலாக இருந்தாலும் பிரியும்.

பெயர் மாறாட்டம்: படம் சொல்லும் பெரிய பொய்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்பவர் இதைப் படிக்கட்டும்.

எடையும் கியரும் சேர்ந்து மைலேஜை எப்படிப் பாதிக்கின்றன என்று ஒரு மாடல்: எல்எம்(எம்பிஜி ~ டபிள்யூடி * ஏஎம்). விடையை இரண்டு கோடாகப் பிரித்து எழுதினால், ஆட்டோமேட்டிக்குக்கு 31.42-இல் தொடங்கி ஒவ்வொரு ஆயிரம் பவுண்டுக்கும் 3.79 குறைகிறது. மேனுவலுக்கு 46.29-இல் தொடங்கி 9.08 குறைகிறது. மேனுவல் கோடு செங்குத்தாகச் சரிகிறது, ஆட்டோமேட்டிக் கோடு மெல்லச் சரிகிறது. இரண்டும் சுமார் 2,808 பவுண்டில் வெட்டிக்கொள்கின்றன. அதற்குக் கீழே மேனுவலுக்கு மைலேஜ் கூட, அதற்கு மேலே ஆட்டோமேட்டிக்குக்குக் கூட என்கிறது மாடல்.

இப்போது ஒருவர் ஸ்கேலுக்குள் லேபிள்ஸ் = சி("மேனுவல்", "ஆட்டோமேட்டிக்") என்று கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் பெயரின் பொருளைப் பார்ப்பதில்லை. முதல் நிலைக்கு முதல் பெயர், இரண்டாம் நிலைக்கு இரண்டாம் பெயர், அவ்வளவுதான். கோடுகள் அசையாது, நிறங்கள் அசையாது, எச்சரிக்கை வராது. ஆனால் முடிவு தலைகீழ். இலகுவான கார் வாங்குபவர் மேனுவலைத் தவிர்க்க வேண்டும் என்று படம் சொல்கிறது.

இதற்குக் காப்பு ஒன்று உண்டு. பெயர்களை வெறும் வரிசையாகக் கொடுக்காமல், மதிப்போடு கட்டிக் கொடுங்கள்: சி("0" = "ஆட்டோமேட்டிக்", "1" = "மேனுவல்"). இப்படிக் கொடுத்தால் வரிசை மாறினாலும் பெயர் தன் மதிப்போடு ஒட்டிக்கொண்டே போகும். நிறங்களைக் கையால் கொடுக்கும்போதும் இதே முறைதான்.

கூடவே ஒரு சோதனை: உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு காரைப் படத்தில் தேடுங்கள். எம்டிகார்ஸில் டொயோட்டா கொரோலா 1,835 பவுண்டு, 33.9 மைலேஜ், மேனுவல். மைலேஜில் 32 கார்களிலும் அதுதான் உச்சம். ஆகவே இடப்பக்க மேல்மூலையில் உள்ள புள்ளிக்கு மேனுவலின் நிறம் இருக்க வேண்டும். அதேபோல லிங்கன் கான்டினென்டல் 5,424 பவுண்டு, 10.4 மைலேஜ், ஆட்டோமேட்டிக். வலக்கோடியில் கீழே கிடக்கும். இந்த இரண்டு புள்ளியின் நிறமும் லெஜண்டோடு ஒத்துப்போனால் பெயர் சரி.

வரிசையை மாற்றுவது பெயரை மாற்றுவதிலிருந்து வேறு வேலை. லெஜண்டில் மேனுவல் மேலே வர வேண்டுமென்றால் லேபிளைத் தொடவே வேண்டாம். ஸ்கேலில் ‘பிரேக்ஸ்’ வரிசையை மாற்றலாம், அல்லது ‘கைட்_லெஜண்ட்’ உள்ளே ‘ரிவர்ஸ்’ என்று கொடுக்கலாம். கோடுகள் படத்தின் வலது ஓரத்தில் எந்த வரிசையில் மேலும் கீழுமாக முடிகின்றனவோ அதே வரிசையில் லெஜண்ட் இருந்தால் கண் அலைய வேண்டியதில்லை.

தலைப்பை மாற்றினால் எண் மாறாது

கேலனும் பவுண்டும் நம் வாசகருக்குப் பழக்கமில்லை. ‘மைல்/கேலன்’ என்ற சொல்லை அழித்து ‘கி.மீ./லிட்டர்’ என்று எழுதத் தோன்றும். எழுதினால் அதுவும் பொய். 21 என்று நிற்கும் கார் லிட்டருக்கு 21 கி.மீ. ஓடவில்லை, 8.9 கி.மீ.தான் ஓடுகிறது. ஒரு மைல்/கேலன் என்பது 0.4251 கி.மீ./லிட்டர், ஆயிரம் பவுண்டு என்பது 453.6 கிலோ.

நல்ல வழி, மாடலுக்கு முன்பே இரண்டு மாறியையும் அதனதன் எண்ணால் பெருக்கி மாற்றிவிடுவது. எடையை மட்டும் வைத்து மைலேஜைக் கணிக்கும் எளிய மாடலில் சாய்வு −5.34. அதாவது ஆயிரம் பவுண்டு கூடினால் கேலனுக்கு 5.34 மைல் குறைகிறது. கிலோவிலும் லிட்டரிலும் மாற்றினால், ஆயிரம் கிலோ கூடும்போது லிட்டருக்கு 5.01 கி.மீ. குறைகிறது. தற்செயலாக இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். அலகை மாற்றி எழுதிவிட்டு எண்ணை மாற்ற மறந்தவர், கெழுவைப் பார்த்து அந்தத் தவறைக் கண்டுபிடிக்கவே முடியாது.

மாடலைத் தொடாமல் படத்தில் மட்டும் மாற்ற வேண்டுமென்றால், ஸ்கேலின் ‘லேபிள்ஸ்’ இடத்தில் ஒரு சார்பைக் கொடுக்கலாம். ஆனால் 10, 15, 20, 25, 30 என்று இருந்த குறிகள் 4.3, 6.4, 8.5, 10.6, 12.8 என்று அசிங்கமாக வரும். அதனால் ‘பிரேக்ஸ்’ இடத்தில் 4, 6, 8, 10, 12, 14 ஆகியவற்றை 0.4251-ஆல் வகுத்துக் கொடுத்தால், குறிகள் முழு எண்ணாக நிற்கும். இரண்டு அலகும் தேவை என்றால் ‘செக்_ஆக்ஸிஸ்’ மூலம் எதிர்ப்பக்கத்தில் இரண்டாம் அச்சு போடலாம். இரண்டாம் அச்சுக்கு இது நியாயமான பயன், ஒரே அளவைத்தான் இரண்டு அலகில் காட்டுகிறது. தொடர்பில்லாத இரண்டு மாறிகளை ஒரே படத்தில் திணிக்க அதைப் பயன்படுத்துவது வேறு கதை, வேண்டாம்.

குறிகளைத் தொடும்போது கூடவே வரும் இன்னொரு கண்ணி ‘லிமிட்ஸ்’. நடுப்பகுதி தெளிவாகத் தெரியட்டும் என்று கிடை அச்சு ஸ்கேலில் 2 முதல் 4 வரை என்று எல்லை கொடுத்தால், 8 கார்கள் தூக்கி எறியப்படும்: 2,000 பவுண்டுக்குக் கீழே 4, 4,000-க்கு மேலே 4. ‘ஜியோம்_ஸ்மூத்’ கோடு மிச்சமுள்ள 24 கார்களை வைத்துப் புதிதாகக் கணக்கிடப்படும். சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வரும், பெரும்பாலானோர் படிப்பதில்லை. பெரிதாக்கிப் பார்க்க மட்டும் வேண்டுமென்றால் எல்லையைக் ‘கோஆர்ட்_கார்ட்டீசியன்’ கட்டளையில் கொடுங்கள். அது கேமராவை நெருக்கிப் பிடிப்பது போல, டேட்டாவைத் தொடாது.

நிகழ்தகவா, மடக்கையா?

ஆம், இல்லை என்ற இரண்டே விடையுள்ளதைக் கணிக்கும் லாஜிஸ்டிக் மாடல் வந்ததும் செங்குத்து அச்சின் தலைப்பு இன்னும் முக்கியமாகிறது. எடையை வைத்து ஒரு கார் மேனுவலாக இருக்குமா என்று கணிக்கும் மாடலில் வெட்டுத்துண்டு (எடை 0 என்றால் வரும் மதிப்பு) 12.04, எடையின் கெழு −4.02. ‘பிரெடிக்ட்’ கட்டளையை அப்படியே ஓட்டினால் கிடைப்பது நிகழ்தகவு அல்ல, ‘ஆட்ஸ்’ எனப்படும் அளவின் (நடக்கும் நிகழ்தகவை நடக்காத நிகழ்தகவால் வகுத்தது) மடக்கை. 2,000 பவுண்டு காருக்கு அது 3.99 என்று வரும். ‘நிகழ்தகவு’ என்று தலைப்பு போட்ட அச்சில் 3.99 இருந்தால் படிப்பவர் சிரிப்பார், அது 0.6 போல ஏதாவது ஓர் எண்ணாக இருந்துவிட்டால் சிரிக்கவும் மாட்டார், நம்பிவிடுவார். டைப் = "ரெஸ்பான்ஸ்" என்று கொடுத்தால் அதே கார் 0.98 ஆகும். 4,000 பவுண்டுக்கு 0.017. பாதிக்குப் பாதி வரும் இடம் சுமார் 2,990 பவுண்டு.

தலைப்பில் ‘நிகழ்தகவு’ என்று மட்டும் எழுதினால் எதன் நிகழ்தகவு? ‘மேனுவல் கியராக இருக்கும் நிகழ்தகவு’ என்று நிகழ்வையும் சேர்த்து எழுதுங்கள். குறிகளைச் சதவீதமாக்க ‘ஸ்கேல்ஸ்’ தொகுப்பில் தனிக் கட்டளை இருக்கிறது. அதை லேபிள்ஸ் இடத்தில் வைத்தால் 0.25 என்பது 25% ஆகும்.

கெழு வரைபடம்

மாடலின் கெழுக்களைப் புள்ளியாகவும் நம்பிக்கை இடைவெளியைக் கோடாகவும் போடும் படம் இது. மைலேஜை எடை, சிலிண்டர் இரண்டையும் கொண்டு கணித்தால் கெழுக்கள்: எடை −3.21, ‘ஃபேக்டர்(சிஒய்எல்)6’ −4.26, ‘ஃபேக்டர்(சிஒய்எல்)8’ −6.07. இந்த நீண்ட பெயர்களை மாற்றும்போது ‘6 சிலிண்டர்’ என்று மட்டும் எழுதுவது அரை உண்மை. −4.26 என்பது 4 சிலிண்டர் காரோடு ஒப்பிட்ட வித்தியாசம். அந்த 4 சிலிண்டர் படத்தில் எங்கும் இல்லை. ‘6 சிலிண்டர், 4-ஐ ஒப்பிட’ என்று லேபிளிலேயே போட்டுவிடுவது நல்லது.

வெட்டுத்துண்டை இந்தப் படத்தில் வைக்க வேண்டாம். அது 33.99, மற்றவை எல்லாம் 0-வை ஒட்டி இடப்பக்கம் நசுங்கிப்போகும். வரிசை பற்றியும் ஒரு வார்த்தை: செங்குத்து அச்சில் வகைகள் கீழிருந்து மேலாகத்தான் அடுக்கப்படும். நீங்கள் எழுதிய பட்டியல் தலைகீழாக வந்தால் மென்பொருள் பழுது அல்ல. ‘ஸ்கேல்_ஒய்_டிஸ்கிரீட்’ உள்ளே லிமிட்ஸ் = ரெவ் என்று கொடுங்கள், நிமிர்ந்துவிடும்.

பழைய நிரல்களில் ‘கோஆர்ட்_ஃபிளிப்’ கொண்டு படத்தையே திருப்பியிருப்பார்கள். அங்கே ‘லேப்ஸ்’ கட்டளையின் எக்ஸ் என்பது திருப்புவதற்கு முந்தைய எக்ஸ், அதாவது இப்போது செங்குத்தாக நிற்கும் அச்சு. தலைப்பு மாறி உட்காருவதற்கு அதுதான் காரணம்.

லாஜிஸ்டிக் மாடலின் வாய்ப்பு விகிதங்களை (மாறி ஓர் அலகு கூடினால் ஆட்ஸ் எத்தனை மடங்காகிறது என்பது) போட்டால் அச்சு மடக்கை அளவில் இருக்க வேண்டும். 2 என்பது இருமடங்கு, 0.5 என்பது பாதி. இரண்டும் 1-இலிருந்து சம தூரத்தில் நிற்பது மடக்கை அச்சில்தான். அலகு இங்கேயும் விளையாடும். நமது மேனுவல் மாடலில் ஆயிரம் பவுண்டுக்கு வாய்ப்பு விகிதம் 0.018, பார்த்தால் மிரட்டும். அதையே 100 பவுண்டுக்கு என்று சொன்னால் 0.67, நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 0.50 முதல் 0.89 வரை. ஒரே மாடல், ஒரே உண்மை. லேபிளில் ‘எடை’ என்று மட்டும் இருந்தால் எது எது என்று தெரியாது, ‘எடை, ஒவ்வொரு 100 பவுண்டுக்கும்’ என்றிருந்தால் தெரியும்.

எஸ்ஜேபிளாட் போன்ற தொகுப்புகள் ‘பிளாட்_மாடல்’ என்ற ஒரே கட்டளையில் இப்படங்களை வரைந்து தரும். அச்சுத் தலைப்பு, லெஜண்ட் தலைப்பு, லேபிள்கள் எல்லாவற்றுக்கும் அதற்குள்ளேயே இடம் உண்டு. அது திருப்பித் தருவது ஜிஜிபிளாட் பொருள்தான் என்பதால், கூட்டல் குறி போட்டு ‘லேப்ஸ்’, ‘தீம்’ எதையும் சேர்க்கலாம். ஸ்கேலைச் சேர்த்தால் ‘ஏற்கெனவே ஒரு ஸ்கேல் இருக்கிறது, அதை மாற்றுகிறேன்’ என்று ஒரு செய்தி வரும். பிழை இல்லை, ஆனால் பழைய ஸ்கேல் முழுவதும் போகிறது, அதில் இருந்த பெயர்களும் போகும். நிறத்தை மட்டும் மாற்ற நினைத்தவர் லேபிள் மீண்டும் 0, 1 ஆகிவிட்டதே என்று திகைப்பது இதனால்தான்.

கணிப்புக் கோட்டை எந்த எல்லை வரை நீட்டுகிறோம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேனுவல் கார்களில் கனமானது 3,570 பவுண்டு. கணிப்பை எல்லாக் கார்களின் எடைக்கும் நீட்டினால், 5,424 பவுண்டில் மேனுவல் காரின் மைலேஜ் −3 என்று வரும். செங்குத்து அச்சில் 0-க்குக் கீழே குறிகள் தெரிந்தால், லேபிளைத் திருத்துவதற்கு முன் கோட்டை எங்கே நிறுத்த வேண்டும் என்று யோசியுங்கள்.

லெஜண்ட் எங்கே, எவ்வளவு பெரிது

வலப்பக்கம் பெட்டி நின்றால் படத்தின் அகலத்தை அது தின்றுவிடும். தமிழ்ப் பெயர்கள் நீளமானவை, இன்னும் அதிகம் தின்னும். தீம்(லெஜண்ட்.பொசிஷன் = "பாட்டம்") என்று கீழே இறக்குவது பெரும்பாலும் போதும். படத்துக்குள்ளேயே வைக்க, முன்பு இரண்டு எண்களை நேரடியாக அதே இடத்தில் கொடுப்பார்கள். 2024-இல் வந்த 3.5.0 பதிப்பிலிருந்து "இன்சைட்" என்று சொல்லிவிட்டு எண்களைத் தனியாக ‘லெஜண்ட்.பொசிஷன்.இன்சைட்’ இடத்தில் தர வேண்டும். இரண்டே கோடுகள் என்றால் லெஜண்டை "நன்" என்று நீக்கிவிட்டு, கோட்டின் முனையில் பெயரை நேராக எழுதிவிடலாம். அதுதான் எங்கள் விருப்பம்.

புள்ளிகளை மங்கலாக்கியிருந்தால் லெஜண்டிலும் மங்கலாகத்தான் தெரியும். ‘கைட்_லெஜண்ட்’ உள்ளே ‘ஓவர்ரைடு.ஏஇஎஸ்’ மூலம் லெஜண்டில் மட்டும் அடர்த்தியைக் கூட்டலாம்.

லெஜண்டே வரவில்லையா? நிறம் ‘ஏஇஎஸ்’ (எந்த மாறி எந்தத் தோற்றத்துக்கு என்று சொல்லும் கட்டளை) அடைப்புக்கு வெளியே இருக்கும். கலர் = "ரெட்" என்பதை உள்ளே போட்டால் இதற்கு நேர் எதிர்: லெஜண்டில் ‘ரெட்’ என்று ஒரு வகை முளைக்கும், ஆனால் கோடு வேறு நிறத்தில் இருக்கும். உள்ளே போடுவது மாறி, வெளியே போடுவது அலங்காரம். இரண்டு மாடல்களை ஒரே படத்தில் ஒப்பிடும்போது இந்தக் குணத்தையே நமக்குச் சாதகமாக்கலாம்: ஒவ்வொரு கோட்டின் ஏஇஎஸ் உள்ளேயும் கலர் = "நேர்கோடு", கலர் = "வளைகோடு" என்று எழுதினால் லெஜண்ட் தானாக வரும்; நிறத்தை ஸ்கேலில் கொடுக்கலாம்.

எழுத்தின் அளவு சேமிக்கும் அளவோடு கட்டுண்டது. ஜிஜிபிளாட்2-இன் அடிப்படை எழுத்து 11 புள்ளி (எழுத்தளவை அளக்கும் ‘பாயிண்ட்’), அச்சுக் குறிகள் அதில் 80 சதவீதம், அதாவது 8.8. படத்தை 40 செ.மீ. அகலத்தில் சேமித்து, அறிக்கையில் 16 செ.மீ.க்குச் சுருக்கினால் குறிகள் 3.5 புள்ளியாகிவிடும். மாத்திரை அட்டையின் பின்பக்க எழுத்து தோற்றுவிடும். ஒட்டப்போகும் அகலத்திலேயே சேமிப்பது இதற்கு ஒரே மருந்து.

தமிழ் எழுத்து சதுரமாக வந்தால்

தமிழில் தலைப்பு கொடுத்ததும் சதுரப் பெட்டிகளோ புள்ளிகளோ வந்தால், அந்த எழுத்துரு தமிழ் அறியாதது. விண்டோஸில் நிர்மலா யுஐ, லதா. மற்ற இடங்களில் நோட்டோ சான்ஸ் தமிழ் என்று எழுத்துருவின் பெயரைத் தீமில் ‘ஃபேமிலி’ இடத்தில் கொடுங்கள். அடுத்த சிக்கல் நுட்பமானது. எழுத்து வரும், ஆனால் ‘மேனுவல்’ என்பதில் இரட்டைக்கொம்பு ம-வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். எழுத்துகளை வடிவமைத்துச் சேர்க்கும் வேலையை வரையும் கருவி செய்யவில்லை என்று பொருள். ஆர் மொழியில் ‘ராக்’ தொகுப்பின் ‘ஏஜிஜி_பிஎன்ஜி’ கருவியால் சேமித்தால் கொம்பு சரியான இடத்தில் நிற்கும். பிடிஎஃப் வேண்டுமென்றால் இயல்பான பிடிஎஃப் கருவியை விட்டு ‘கெய்ரோ_பிடிஎஃப்’ எடுங்கள்.

பைத்தான் நிரல்மொழியில் வரைபடத்துக்கு மேட்பிளாட்லிப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே எழுத்துருச் சிக்கல் உண்டு. அதன் இயல்பான டெஜாவு சான்ஸில் தமிழ் இல்லை. மற்றபடி கருத்து ஒன்றுதான், கட்டளைதான் வேறு. தலைப்புக்குச் ‘செட்_எக்ஸ்லேபிள்’. ஒவ்வொரு கோட்டுக்கும் ‘லேபிள்’ கொடுத்தாலும் கடைசியில் ‘லெஜண்ட்’ கட்டளையைத் தனியாக அழைக்காவிட்டால் பெட்டி வராது. லேபிள் அடிக்கோட்டில் தொடங்கினால் அதை லெஜண்ட் வேண்டுமென்றே ஒதுக்கிவிடும். குறிகளின் பெயரை மட்டும் மாற்றி, இடத்தைச் ‘செட்_எக்ஸ்டிக்ஸ்’ மூலம் நிலைப்படுத்தாமல் விட்டால், படத்தின் எல்லை மாறியதும் பெயர்கள் தவறான எண்ணின் மேல் உட்காரும். லெஜண்டை வெளியே நகர்த்திச் சேமிக்கும்போது பாதி வெட்டுப்பட்டால், ‘சேவ்ஃபிக்’ உள்ளே பிபாக்ஸ்_இன்ச்சஸ் = "டைட்" சேருங்கள்.